ஈரம் இருபதுக்குக் கீழே

விறகை நான் நிறுப்பேன்.
கொப்பியில் பெயர், கிலோ, காசு.
பிறகு இரண்டு முள் வைத்த கருவியைக்
கட்டையின் வெட்டுமுகத்தில் குத்துவேன்.
முப்பத்தாறு காட்டினால் திருப்பி அனுப்புவேன்.
"ஐப்பசி மழையிலை காஞ்ச விறகுக்கு எங்கை பிள்ளை போறது?"
என்று கேட்ட மதியாபரணத்தாரையும்
திருப்பி அனுப்பினேன்.
அவருடைய வண்டில் போன தடத்தில் தண்ணீர் நின்றது.

நெடுங்கேணியிலிருந்து உள்ளே ஏழு கட்டை.
வயர் வரவில்லை.
தூண் மட்டும் வந்தது, இரண்டு தேர்தலுக்கு முதல்.
அதில் தவமலர் வீட்டுப் பாகல் படர்ந்திருக்கிறது.

ஆகவே இந்தக் கொட்டில்,
பச்சைப் பெயின்ற் அடித்த இந்த உலை.
பூட்ட வந்த பொறியியலாளர் நாள் முழுக்கச் சொன்னதில்
எனக்கு விளங்கியது இவ்வளவுதான்:
மரத்தை முழுதாய் எரிய விட்டால்
வெளிச்சம் அங்கேயே முடிந்துவிடும்.
மூச்சைப் பாதியில் நெரித்தால்
மீதி மூச்சில் எஞ்சின் ஓடும்,
ஆலை அரைக்கும்,
யானை வேலி இரவெல்லாம் டிக், டிக் என்னும்.

முதல் வருசம் காட்டு விறகும் எடுத்தோம்.
விழுந்தது மட்டும்,
வனஇலாகாக் கல்லுக்கு இங்காலை மட்டும்.
வீரை, பாலை, இடைக்கிடை முதிரைக் கொப்பு.
ஒரு வியாழக்கிழமை
விறகு சீவுகிற மிசின் அலறியது.
கத்தி மூன்றாய் உடைந்து
ஒரு துண்டு தகரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது.

கனகசுந்தரி நிலத்தில் விழுந்து படுத்தாள்.
அவள் மட்டுமா.
சத்தம் நின்ற பிறகும்
யார் முதலில் எழும்புவது என்று தெரியாமல்
மரத்தூளுக்குள் முகம் வைத்துக் கிடந்தோம்.

பாலைக் கட்டைக்குள் செல் துண்டு,
சுண்டுவிரல் அளவில்.
பட்டையில் தழும்புகூட இல்லை.

புதுக் கத்தி கொழும்பிலிருந்து வந்தது.
ஐந்து மாதக் கரண்ட் காசு அதற்கே சரி.
கூட்டத்தில் பேரின்பராசா எழும்பிச் சொன்னான்:
"சண்டைக்குப் பிறகு முளைச்ச மரத்தை மட்டும் எடுப்பம்."
யாரும் சிரிக்கவில்லை.
தீர்மானம் நாலு என்று எழுதினேன்.

என் இடது தோளிலும் ஒன்று இருக்கிறது.
எடுத்தால் கை விளங்காது என்றார்கள்.
அதைப் பற்றித் தீர்மானம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் வேலியெல்லாம் சீமைக்கிளுவை.
லாண்ட்மாஸ்டரில் தடி தடியாய் வந்தது.
குத்திய இடத்தில் பிடித்தது.
எட்டு மாதத்தில் ஒரு வெட்டு,
இலை ஆட்டுக்கு, கரி மிளகாய்ப் பாத்திக்கு.
சுகிர்தமலரின் இரண்டு ஏக்கர்
கல்லுக்கு அங்காலை போய்விட்டது;
இன்னும் கச்சேரிக்கு நடக்கிறாள்.
நட நிலமில்லை என்று றோட்டுக்கரையில் நட்டாள்.
போன மாசியில் அது முழுக்க இளஞ்சிவப்பாய்ப் பூத்தது.
அவளுடைய விறகுதான் எப்போதும் முதல் நிறுவை.
வெட்டுமுகம் வெள்ளையாய் இருக்கும்,
உள்ளே எதுவும் இருக்காது.
நான் இருந்தாலும் ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்ப்பேன்.

மூன்றாம் நாள் மதியாபரணத்தார் வந்தார்,
அடுப்புக்கு மேலே பரணில் காய வைத்த அதே கட்டைகளோடு,
சட்டையெல்லாம் புகை மணக்க.
குத்தினேன்.
பத்தொன்பது.
"எழுது" என்றார். வேறொன்றும் கதைக்கவில்லை.

அன்றிரவு எல்லோரும் போன பிறகு
ஏனென்று தெரியாது,
முள்ளிரண்டையும் என் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தேன்.
ஐம்பது. எழுபது.
பிறகு எண்ணே இல்லாமல் கருவி மின்னியது.
இது விறகாயிருந்தால்
கொப்பியில் என்ன எழுதுவேன் என்று எனக்குத் தெரியும்:
ஈரம். திருப்பி அனுப்பியது.

சாவியைக் கொழுவிவிட்டு நடந்தேன்.
பாகற்கொடித் தூணைத் தாண்டும்வரை
கொட்டில் வெளிச்சம் கூடவே வந்தது.